காலை அமுக்கும் மெஷினும் ஒரு சேஃப்டி பின்னும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் போன் செய்து கேட்டீர்கள். வெளியூர் போயிருந்தேனா, உடம்பு சரியில்லையா, அல்லது ஆசிரியரோடு சண்டையா?

எதுவும் இல்லை. என் மனைவி வசந்தாவின் இடது கால் வீங்கிவிட்டது. அதற்கு யார் காரணம் என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால்தான் அந்தக் கருத்து வேறுபாட்டை என்னால் இப்படி நிம்மதியாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

வசந்தாவைத் தெரியாதவர்கள் பாகூரில் குறைவு. எங்கள் வீட்டை ஒட்டியே மாவு மில் வைத்திருக்கிறாள். மிளகாய், மல்லி, அரிசி, கேழ்வரகு... காலையில் ஷட்டரைத் தூக்கினால் மதியச் சாப்பாடு வரைக்கும் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போன் பேசுவாள். எதிர்முனையில் இருப்பவருக்குத்தான் காது வலிக்கும்.

அப்படிப்பட்டவள் போன மாதம் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடது பக்க இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். அது நல்லபடியாகவே முடிந்தது. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அசையாம படுத்தே இருந்தா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் தேங்கி உறைஞ்சிடும் சார். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிட்டா உயிருக்கே ஆபத்து. அதனால கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்."

வழக்கமாக இதற்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பார்களாம். ஆனால் வசந்தாவுக்கு அல்சர் உண்டு. முன்பு ஒருமுறை வயிற்றில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள். மருந்து கொடுத்தால் அங்கே மறுபடி ரத்தம் கசியலாம். கொடுக்காவிட்டால் காலில் உறையலாம். டாக்டர் யோசித்து, இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்று சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு மெஷினை எழுதிக் கொடுத்தார்.

பழைய ரேடியோ பெட்டி அளவில் ஒரு பம்ப். அதிலிருந்து இரண்டு டியூப். ஒவ்வொரு டியூபின் முனையிலும், முழங்காலுக்குக் கீழே சுற்றி ஒட்டிக்கொள்கிற மாதிரி துணியுறை. பம்ப் காற்றை அனுப்பும். உறை உப்பிக் கெண்டைக்காலை அமுக்கும். பிறகு காற்றை விட்டுவிட்டு அடுத்த காலுக்குப் போகும். தேங்கி நிற்கப் பார்க்கிற ரத்தத்தை இப்படி மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். புதுச்சேரியில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்து வந்தோம். கடைக்காரர் 'மெயின்டனன்ஸ்' என்று ஏதோ சொன்னார். நானும் தலையாட்டினேன். யார்தான் ஆட்டமாட்டார்கள்?

வசந்தா படுத்த பிறகு மில்லைப் பார்த்துக்கொள்வது அவளிடம் பல வருடங்களாக வேலை செய்கிற அஞ்சலை. முதல் நாள் உள்ளே வந்து பார்த்தவள் வாயைப் பிளந்தாள்.

"இன்னாக்கா இது... பிரஷர் பாக்கற மெஷினா? வுடாம பாத்துக்கினே கீதே!"

"காலை அமுக்கிவுடுதுடி. கட்டின புருஷன் செய்யாதத கரண்டு செய்யுது" என்றாள் வசந்தா.

நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

சரி, கால் வீங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சாப்பாடு முடிந்து கண்ணயர்ந்த நேரம். வசந்தா கூப்பிட்டாள்.

"இன்னாங்க... மெஷின் சத்தம் மாறிப்போச்சி."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"மூச்சுத் திணறுற மாரி ஓடுது. நல்லா கேளுங்க."

கேட்டேன். எனக்கு அதே சத்தம்தான். சத்தம் மாறினால் எந்த மெஷினுக்கு என்ன கேடு என்று தெரிந்து பிழைப்பு நடத்துகிறவள் அவள். நான் எழுதிப் பிழைக்கிறவன். "தூங்கு, எல்லாம் பிரமை" என்று சொல்லி முடிக்கவில்லை... பம்ப் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு. இடது கால் உறை தொளதொளவென்று கிடந்தது. கொஞ்ச நேரத்தில் வலது கால் உறையும் உப்பாமல் நின்று போனது.

மிக்ஸி நின்று போனால் சட்னி இல்லை. டிவி நின்று போனால் சீரியல் இல்லை. இது நின்று போனால்?

கடைக்குப் போன் செய்தேன். சர்வீஸ் பார்க்கிற பெண்ணின் நம்பரைக் கொடுத்தார்கள். பெயர் ஜெனிஃபர். பண்டசோழநல்லூர்க்காரர். நல்லவேளை... அன்று வீட்டில்தான் இருந்தார்.

"பதறாதீங்க சார். சுச்ச அணைச்சிட்டு பிளக்க எடுங்க. டியூப் எங்கயாவது மடிஞ்சிருக்குதா பாருங்க. நான் கெளம்பிட்டேன்."

டியூப் மடியவில்லை. இணைப்புகளைக் கழற்றி மறுபடி மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் வசந்தா படுக்கையிலிருந்தே உத்தரவு போட்டாள்: "ஷெல்ப்புல தையல் மெஷின் எண்ணெ கீது, எடுத்தாங்க. ரெண்டு சொட்டு வுட்டா ஓடும்." நல்லவேளை, நான் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஸ்கூட்டி சத்தம் கேட்டுவிட்டது.

ஜெனிஃபருக்கு முப்பது வயதிருக்கும். முதுகில் பெரிய பை. எண்ணெய் யோசனையைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேணாக்கா! இதுல ஓடறது வெறும் காத்து. எண்ணெ போனா அவ்ளோதான்."

மெஷினை ஹாலுக்குத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார். வசந்தா சும்மா இருப்பாளா? ரிப்பேரைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். வாக்கரைப் பிடித்து, என் தோளைப் பிடித்து, ஹால் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பம்பின் பின்பக்கத்தில் ஒரு சின்ன மூடி. அதைத் திறந்து ஜெனிஃபர் காற்றை வடிகட்டும் ஸ்பாஞ்சை வெளியே எடுத்தார். அது கறுப்பு ஸ்பாஞ்சாம். எங்கள் வீட்டில் வெள்ளையாக இருந்தது.

"இன்னா சார் இது... மாவா?"

அரிசி மாவுதான். பக்கத்து மில்லிலிருந்து ஜன்னல் வழியாக வருவதை மெஷின் விடாமல் உறிஞ்சியிருக்கிறது. "வாரா வாரம் இத கழுவி, நல்லா காயவெச்சி மாட்டணும்னு கடையில சொல்லலையா?" என்றார். சொன்னார்கள். அதற்குத்தானே தலையாட்டினேன்! வசந்தா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இடம் போதாது.

ஆனால் அந்தப் பெருமை அவளுக்கு நீடிக்கவில்லை. புது ஸ்பாஞ்ச் போட்டதும் வலது கால் உறை உப்பியது. இடது மட்டும் உப்பவில்லை. ஜெனிஃபர் அதைப் பிரித்து, சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றை அனுப்பினார். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதுபோலத்தான். ஓரிடத்தில் குமிழ் குமிழாக வந்தது. ஊசி குத்திய ஓட்டை.

"இங்க ஏதாவது குத்துனீங்களாக்கா?"

வசந்தா நைட்டியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

பிறகு மெல்லச் சொன்னாள். உறையை ஒட்டவைக்கும் பட்டியில் நூலும் பஞ்சும் சேர்ந்து பிடிமானம் போய்விட்டதாம். அடிக்கடி அவிழ்ந்து கொண்டதால் நைட்டியில் இருந்த சேஃப்டி பின்னை எடுத்துக் குத்திவிட்டாளாம்.

"பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால அந்தப் பஞ்ச எடுத்துவுட்டாலே ஒட்டிக்கும்கா" என்று சிரித்தார் ஜெனிஃபர். பையிலிருந்து புது உறை ஒன்றை எடுத்தார்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் ரிப்பேர் கதை.

புது உறையைச் சுற்ற ஜெனிஃபர் குனிந்தார். வசந்தா நைட்டியைக் கொஞ்சம் தூக்கினாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"இரு ஜெனி... கால பாரு."

இடது கெண்டைக்கால் வலதைவிடப் பெருத்திருந்தது. தோல் பளபளவென்று இருந்தது. "வலிக்குதா?" என்றேன். "கடுக்குது" என்றாள்.

"போடும்மா, போட்டு அமுக்குனா வீக்கம் வடிஞ்சிடும்" என்றேன் ஜெனிஃபரிடம். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

"வேணாங்க!" வசந்தாவின் குரல் ஓங்கியது. "டிஸ்சார்ஜ் அன்னிக்கி அந்த நர்சம்மா இன்னா சொன்னாங்க? கால் வீங்கியோ வலிச்சோ இருந்தா மாட்டாதீங்க, ஒடனே வாங்கன்னு சொல்லல?"

ஜெனிஃபர் உறையைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா சொல்றது சரி சார். உள்ள கட்டி இருந்து, நாம அமுக்கப் போயி, அது நவுந்துட்டா? எனக்கு மெஷின்தான் தெரியும். கால டாக்டருதான் பாக்கணும்."

பழுது பார்த்த மெஷின் மேஜைமேல் தயாராக இருக்கிறது. அதைத் தொடக்கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். படுக்க வைத்து அழைத்து வரச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த அஞ்சலை தலைமாட்டில் ஒரு தலையணையைத் திணித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "நீங்க போங்க சார், நான் முழுசா டெஸ்ட் பண்ணி ரெடியா வெச்சிட்டுப் போறேன்" என்றார் ஜெனிஃபர்.

ஆம்புலன்ஸ் கரிக்கலாம்பாக்கத்தைத் தாண்டியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு கையால் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டேன். "மூச்சு விட சிரமமா இருக்கா? நெஞ்சு வலிக்குதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"நீங்க கேட்டுக்கினே வரதாலதான் மூச்சு முட்டுது" என்றாள்.

ஆனால் என் கையை விடவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் நாலு பேர் பார்க்க அவள் என் கையைப் பிடித்ததில்லை. வில்லியனூர் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு ஏதாவது ஆச்சின்னா மில்ல மூடிடாதீங்க. அஞ்சலைக்கே வுட்டுடுங்க. அவ நல்லா ஓட்டுவா."

"வாயை மூடு" என்றேன். கோபத்தில் இல்லை.

ஆஸ்பத்திரியில் நேராக ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனார்கள். என்னையும் உள்ளே நிற்கவிட்டார்கள். காலில் ஜெல் தடவி, சின்னக் கருவி ஒன்றை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார் ஒரு பெண் டாக்டர். திரையில் எல்லாம் சாம்பலும் கறுப்புமாக இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன். டாக்டர்கள் ஏன்தான் அந்த நேரத்தில் முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறார்களோ!

தொடை இடுக்கில் தொடங்கி, முழங்காலின் பின்பக்கம், கெண்டைக்கால்... அழுத்தினார், விட்டார். அழுத்தினார், விட்டார்.

"நல்லா அமுங்குது" என்றார்.

"அப்படின்னா?"

"கட்டி இருந்தா ரத்தக்குழாய் அமுங்காது சார். இங்க எல்லா இடமும் அமுங்குது. கட்டி எதுவும் இல்ல."

அமுங்குது! தமிழில் இதைவிட அழகான வார்த்தையை நான் கேட்டதில்லை. சுவரில் சாய்ந்து நின்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அது அழுக்காக இல்லை.

"அப்போ வீக்கம்?" என்றாள் வசந்தா.

"ஆபரேஷன் பண்ணின கால்ல கொஞ்சம் வீக்கம் இருக்கத்தான் செய்யும். இன்னைக்கு ரொம்ப நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தீங்களா?"

வசந்தா கூரையைப் பார்த்தாள். ரிப்பேரை மேற்பார்வை பார்க்க ஹால் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான்தான் டாக்டரிடம் எடுத்துச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைக் கடவுள் மன்னிப்பாராக.

ஆபரேஷன் செய்த டாக்டரும் போனில் ஸ்கேன் விவரத்தைக் கேட்டுவிட்டு, மெஷினைத் தாராளமாகத் தொடரலாம் என்றார். வீக்கம் கூடினாலோ மூச்சு வாங்கினாலோ யோசிக்காமல் வந்துவிட வேண்டும் என்று மறுபடியும் சொன்னார். வெளியே வந்தால் போனில் ஜெனிஃபர். "இன்னா ஆச்சி சார்?" கட்டி இல்லை என்றேன். "அப்பாடா... ஏசுவே!" என்று அவர் விட்ட மூச்சு என் காதில் பட்டது.

திரும்பி வரும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்ற மறப்பதில்லை. ஏசிக்கு வெயில் காலத்துக்கு முன்பே ஆள் வந்து கழுவிவிட்டுப் போகிறார். இந்த மெஷினை மட்டும் ஏன் அப்படி விட்டேன்? டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார் அல்லவா... அதனால் இதையும் மாத்திரை என்றே நினைத்துவிட்டேன். மாத்திரையை விழுங்கினால் நம் வேலை முடிந்தது. மெஷின் அப்படியா? அது தினமும் நம்மைக் கவனிக்கிறது. பதிலுக்கு வாரத்தில் கொஞ்ச நேரம் நாமும் அதைக் கவனிக்க வேண்டாமா?

இப்போது மில் பக்கத்து ஜன்னல் மூடியே இருக்கிறது. ஸ்பாஞ்ச் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்று ஓடும்போது ஒன்று கொடியில் காய்கிறது. ஒட்டுப் பட்டியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்வது வசந்தாவின் வேலை. டியூபின் மேல் நாற்காலிக் கால் ஏறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. வாக்கர் பிடித்து நடக்கும் தூரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. நன்றாக நடக்க ஆரம்பித்துவிட்டால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர்.

உங்கள் வீட்டிலும் யாருக்காகவாவது இப்படி ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தால், இதைப் படித்து முடித்த கையோடு அதன் பின்பக்க மூடியைத் திறந்து பாருங்கள்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு!