புள்ளியில் தொடங்கிய கோப்பு

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. அடையாள அட்டை இல்லாதவர்களுக்குக் குடியுரிமை விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது அதன் முக்கிய வேலை. ஒரு பெண் வழக்கறிஞர் நடத்தினார். நாங்கள் மூன்று பேர் சனிக்கிழமைகளில் போய் உதவுவோம். வாரநாட்களில் நான் பங்சாரில் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் அலுவலக மடிக்கணினியை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நான்தான் அதைக் கேட்டு வாங்கினேன்.

அங்கே வருபவர்களில் கிள்ளான் பண்டமாரானில் குடியிருக்கும் அக்கா ஒருவர் உண்டு. துறைமுகப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் பெட்டி கட்டும் வேலை. வயது ஐம்பதை நெருங்குகிறது. பிறப்புப் பத்திரமும் கிடையாது, ஐசி என்கிற அடையாள அட்டையும் கிடையாது. தோட்டத்துத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில் பிறந்தவர். அவரிடம் இருந்த ஒரே ஆதாரம், பிரசவம் பார்த்த மருத்துவச்சி பிற்பாடு எழுதிக் கொடுத்த கடிதம். இன்ன நாளில், இன்ன தோட்டத்தில், இன்னாருக்கு இந்தப் பெண்ணை நான்தான் எடுத்தேன் என்று எழுதி, கீழே தோட்டத்து முத்திரையும் குத்தியிருந்தது. மருத்துவச்சி இறந்துவிட்டார். கடிதத்தின் அசல் வெள்ளத்தில் போய்விட்டது. அதற்கு முன்பே அலுவலகத்தில் ஸ்கேன் செய்து வைத்திருந்ததுதான் மிச்சம். பதிவு அலுவலகத்தில் அவருக்கு நேர்காணல் தேதியும் கிடைத்திருந்தது. எட்டு வருடம் காத்திருந்து கிடைத்த தேதி.

கணினியில் அறுபத்திரண்டு பேருடைய ஆவணங்கள் இருந்தன. 'லெட்டர் புதுசு', 'ஸ்கேன் 34', 'இதுதான் கடைசி', 'இதுதான் கடைசி 2' என்றெல்லாம் பெயர்கள். எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. மூன்று வாரத்துக்கு வேலையைப் பிரித்துக்கொண்டேன். முதல் வாரம், சிதறிக் கிடந்த பக்கங்களைச் சேர்த்து ஆளுக்கு ஒரு பிடிஎஃப் ஆக்கினேன். யாருக்கு எது முக்கியமோ அது முதல் பக்கம். இரண்டாம் வாரம், சேர்த்தாகிவிட்ட தனிப் பக்கங்களை அழித்தேன். மூன்றாம் வாரம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் பெயர்.

பெயராக ஐசி எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்தேன் என்பதுகூடச் சரியில்லை, கை தானாக அங்கே போனது. கிளினிக்கில், வங்கியில், நூலகத்தில், எங்கே போனாலும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது மனப்பாடம். ஒரு பட்டியல் தயாரித்தேன். இடது பக்கம் பழைய பெயர், வலது பக்கம் ஐசி எண். கறுப்புத் திரையில் நான்கு வரிக் கட்டளை எழுதினேன். பட்டியலை வரிவரியாகப் படித்து, mv என்ற கட்டளையால் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் அந்த எண்ணாக மாற்றி, பின்னால் .pdf என்று ஒட்ட வேண்டும். ஒரு நொடிகூட ஆகவில்லை. காப்புப் பிரதி இருந்த பென்டிரைவும் அச்சு அசலாக அப்படியே இருக்கட்டும் என்று, இங்கே இல்லாததை அங்கேயும் அழிக்கும் இன்னொரு கட்டளையையும் கொடுத்தேன். அதுவும் முடிந்தது.

அதன் பிறகுதான் எண்ணினேன். ஐம்பத்தொன்று.

பட்டியலைத் திறந்த உடனே புரிந்தது. பதினொரு பேருக்கு வலது பக்கம் காலி; மற்றவர்களைப் போலத் தற்காலிக அட்டை எண்கூட இவர்களுக்குக் கிடையாது. எண் இல்லாததால் அவர்களுடைய கோப்புக்குக் கிடைத்த பெயர் வெறும் .pdf. ஒரே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் mv கேட்காது, மேலேயே எழுதிவிடும். பதினொன்றும் வரிசையாக ஒரே இடத்துக்குப் போய், பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்திருந்தது. கடைசி ஒன்று மட்டும் மிச்சம். அதுவும் புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் சாதாரணப் பட்டியலில் காட்டாது. மறைந்திருப்பதையும் காட்டு என்று தனியாகச் சொன்ன பிறகே வந்தது. திறந்து பார்த்தேன். கிள்ளானைச் சேர்ந்த ஒரு அங்கிளுடையது.

அந்த அலுவலகம் இருந்ததே ஐசி இல்லாதவர்களுக்காக. அங்கே உட்கார்ந்துதான் இதைச் செய்தேன்.

வழக்கறிஞர் சத்தம் போடவில்லை. "ஆயிரம் சர்வர் பாக்கறவ, பென்டிரைவ அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ எண்ணிப் பாக்க மாட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அழிந்ததை மீட்கும் நிரல்கள் மூன்றை ஓடவிட்டேன். அந்த வகை டிஸ்க்கில் அழிந்தது பெரும்பாலும் அழிந்ததுதான் என்று தெரிந்தே ஓடவிட்டேன். இழந்த பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் அசல் இருந்தது. ஒவ்வொருவராக அழைத்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி ஸ்கேன் செய்தோம். அக்கா மட்டும் பாக்கி.

கணினியை இண்டு இடுக்கு விடாமல் தேடியதில் ஒன்று அகப்பட்டது. கோப்புறையைத் திறக்கும்போது ஒவ்வொரு கோப்புக்கும் கணினி தானாக எடுத்து வைத்துக்கொள்ளும் சிறு படம். கட்டைவிரல் அளவு. அதில் கடிதத்தின் முதல் பக்கம் முழுதாக இருந்தது. வரிகள் சாம்பல் கோடுகளாகத் தெரிந்தன. ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை.

கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்கும்வரை, சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்யலாம். மூன்றாவதற்குக் கீழே எதுவும் வரவில்லை.

அக்கா வேலை முடிந்து வந்து வீட்டில் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். மைலோ கலக்கிக் கொடுத்தார். நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"கம்ப்யூட்டர்ல போட்டா போகாதுன்னு நீதானம்மா சொன்ன."

"நான்தான்க்கா சொன்னேன்."

"தண்ணி வந்தப்பகூட நான் அழல. எல்லாரும் அழறாங்க, நான் மட்டும், நம்ம லெட்டர்தான் கம்ப்யூட்டர்ல இருக்கேன்னு நின்னேன்."

எண் இல்லாதவர்கள் எல்லாம் எப்படி ஒரே பெயரில் விழுந்தார்கள் என்று விளக்கினேன். வேறென்ன செய்வது என்று தெரியாமல் விளக்கினேன்.

"அப்ப அதுலயும் ஐசி கேக்குதா?" என்று அக்கா சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மடிக்கணினியைத் திறந்து அந்தச் சிறு படத்தைக் காட்டினேன். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். மூலையில் இருந்த ஊதாக் கறையைத் தொட்டு, அதுதான் தோட்டத்துச் சாப்பு, முத்திரை, என்றார்.

"பெருசாக்கு லா."

பெரிதாக்கினேன். கோடுகள் கட்டங்களாயின.

"இன்னும் கொஞ்சம்."

"அவ்வளவுதான்க்கா இருக்கு."

பரவாயில்லை, அதையே அச்சடித்துக் கொடு என்றார். பயனில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் பக்கத்துக் கடையில் அச்சடித்துக் கொடுத்தேன். மற்ற தாள்களோடு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டார்.

நேர்காணல் நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். கவுண்டரில் இருந்த அதிகாரி பொறுமையானவர். அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தூர வைத்துப் பார்த்தார். அசல் எங்கே என்று மலாயில் கேட்டார். நான் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ சும்மா இரும்மா." அதிகாரி பக்கம் திரும்பி, "பாஞ்சிர், என்சிக்," என்றார். வெள்ளம், ஐயா.

அதிகாரி தலையசைத்து அந்த ஒரு சொல்லை எழுதிக்கொண்டார். தாளைத் திருப்பிக் கொடுத்தார். கடிதம் இல்லையென்றால், அந்தப் பிறப்பை நேரில் அறிந்த ஒருவர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், உயிரோடு இருக்கிற ஒருவர், என்றார். மூன்று மாதம் தவணை கொடுத்தார். நான் செய்தது எந்த இடத்திலும் எழுதப்படவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். யார் யார் என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று கைப்பேசியை எடுத்தேன். அக்கா லைன் வீடுகளை ஒரு முனையிலிருந்து விரல் விட்டு எண்ணினார். முதல் வீட்டில் யாரும் இல்லை, எல்லோரும் இறந்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டுக்காரர்கள் தோட்டத்தை விற்றபோது எங்கே போனார்களோ தெரியாது. மூன்றாவது வீட்டு அம்மா இருக்கிறார், ஆனால் இப்போது பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கிறாராம்.

"இரும்மா, நாலாவது வீட்ட யோசிக்கறேன்," என்றார்.

கைப்பேசியில் 'ஒன்று' என்று எண் மட்டும் போட்டு வைத்திருந்தேன். திரை அணைந்தது. தொட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார். மறுபடி அணைந்தது.