செவுளின் நிறம்

நேசக்குமாருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை அது அவனுக்கே தெரியாமல் இருந்தது. அப்பா தேவதாசன் தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்ப்பவர். கப்பலிலிருந்து இறங்கி வருகிற ஆபீசர்களைப் பார்த்துப் பார்த்து, மகனையும் கப்பல் படிப்புக்கு அனுப்ப ஆசைப்பட்டார். அதற்கான மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்து, "உள்ள என்ன நம்பர் இருக்கு?" என்று கேட்டார். நேசக்குமாருக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. டாக்டர் விரலால் எண்ணை வரைந்து காட்டிய பிறகும் புள்ளிகள்தான் தெரிந்தன.

"வெளிய மூச்சு விடாத" என்றார் அப்பா, வீட்டுக்கு வந்ததும். "ஒங்கக்கா ஈவாஞ்சலின கெட்டிக் குடுக்கணும். கண்ணுல கோளாறு உள்ள குடும்பம்னு பேரு வாங்காண்டாம்."

அம்மா கிருபை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுடைய தம்பிக்கும் இதே குறை உண்டு. தாய் வழியாக வருவது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கப்பல் படிப்பு கைவிட்டுப் போனது. கம்ப்யூட்டரில் படம் வரைவதில் அவனுக்குக் கை இருந்ததால் விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிப்பில் சேர்ந்தான். கண்ணை வைத்துப் பிழைக்கிற படிப்பு அது என்பதை அப்பா யோசிக்கவில்லை. அவன் யோசித்தான், ஆனால் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிறத்துக்கும் இருக்கிற எண்ணை வைத்தே நிறங்களைப் பழகினான். கூடுமானவரை கறுப்பு வெள்ளையில் வேலை செய்தான். எழுத்துகளை அடுக்குவதிலும் பக்கத்தில் எங்கே வெற்றிடம் விட வேண்டும் என்பதிலும் வகுப்பில் அவனை மிஞ்ச ஆளில்லை. "நேசத்துக்கு ஒரு ஸ்டைல் இருக்கு" என்று பாடம் எடுக்கிற ஜெபசுதா மேடமே சொன்னார். அந்தப் பாராட்டைக் கேட்டால் அவன் பேச்சை மாற்றிவிடுவான்.

நிறம் தவிர்க்க முடியாத இடங்களில் கைகொடுக்க வகுப்புத் தோழி பொன்செல்வி இருந்தாள். ஏரல் பக்கத்து வயக்காட்டு ஊர்க்காரி. நல்ல போட்டோ எடுப்பாள். அவளிடம் இரண்டு மாதிரிகளைக் காட்டி, "எது நல்லாருக்கு?" என்று கேட்பான். அவள் சொல்வதை வைப்பான். தன் ரசனையை இவன் இவ்வளவு மதிக்கிறானே என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு இருவரும் சேர்ந்து ஒரு பத்திரிகையும் அதற்கொரு இணையதளமும் செய்வதாக முடிவானது. பொருள், திரேஸ்புரத்தில் மீன் விற்கிற பெண்கள். இணையதளத்தில் அந்தப் பெண்களின் போன் நம்பரையும் போடலாம், வேண்டுகிறவர்கள் நேராகக் கூப்பிட்டு வாங்கட்டும் என்பது பொன்செல்வியின் யோசனை.

அப்படித்தான் ஜெயசெல்வி அக்கா பழக்கமானாள். ஊருக்குள் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவள்தான் வாடிக்கையாக மீன் கொடுப்பவள். படம் எடுக்க வேண்டும் என்றதும் சேலையைச் சரிசெய்து கொண்டு, ஒரு விளமீனைத் தூக்கி, கட்டைவிரலால் செவுளைத் திறந்து பிடித்தாள்.

"இதப் புடிளா. மூஞ்சி எப்படி இருந்தா என்ன, செவுளு செவப்பா விழணும்."

நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எடுத்த படம் அது. மீன், கை, முகம் எல்லாவற்றிலும் தார்ப்பாயின் நீலம் லேசாகப் படிந்திருந்தது. அதை நடுப்பக்கத்துக்கு வைத்தார்கள்.

அச்சுக்குக் கொடுக்க வேண்டிய வாரத்தில் பொன்செல்வியின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போக, அவள் ஊருக்குப் போய்விட்டாள். மிச்ச வேலை நேசக்குமார் தலையில் விழுந்தது. படத்திலிருந்த நீலத்தை எடுக்க அவன் தனியாக உட்கார்ந்தான். திரையில் நகர்த்த நகர்த்த, ஒரு கட்டத்தில் எல்லாம் தெளிந்துவிட்டது போல அவனுக்குத் தோன்றியது. பொன்செல்விக்கு அனுப்பிக் கேட்கலாமா என்று போனை எடுத்தான். ஆஸ்பத்திரியில் இருப்பவளை இதற்காக எப்படித் தொந்தரவு செய்வது? போனை வைத்துவிட்டான்.

அச்சகத்தில் மாதிரித் தாளை எடுத்துக் கொடுத்த அண்ணாச்சி நடுப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இந்த மீனு ஒரு மாதிரியால்லா இருக்கு? எபெக்டா?"

நேசக்குமார் தாளை வாங்கிப் பார்த்தான். என்ன மாதிரி இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் உனக்குத் தெரியவில்லையா என்பார்.

"ஆமா அண்ணாச்சி, எபெக்டுதான். போடுங்க."

பத்திரிகை வெளியான அன்றே இணையதளமும் திறந்தது. கல்லூரியில் அவர்கள் துறையில் எல்லாரும் நடுப்பக்கத்தைப் பார்த்தார்கள். ஏதோ கலைநோக்கில் செய்திருக்கிறான் என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குடியிருப்புக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. ஜெயசெல்வி திறந்து காட்டிய செவுள் பழுப்பும் பச்சையுமாக, நாலு நாள் கிடந்து அழுகிய மீனின் செவுள் போல இருந்தது. யாரோ இணையதளத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்து, 'நம்ம சாப்பிடுற மீன் இதுதான்' என்று எழுதி அவர்களுடைய வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டார்கள். கீழே ஜெயசெல்வியின் பெயரும் போன் நம்பரும் இருந்தன.

ஊரிலிருந்து திரும்பிய பொன்செல்வி, இது எதுவும் தெரியாமல், பத்திரிகையைக் கொடுக்க அவனையும் கூட்டிக்கொண்டு திரேஸ்புரம் போனாள். ஜெயசெல்வி அதைக் கையில் வாங்கவில்லை.

"ஏளா, உன்னைய நம்பித்தான நின்னேன்? காலைல உயிரோட துடிச்ச மீனு அது. அழுவுன மீனாக்கி ஊருக்கே காட்டிட்டியே. போன் போட்டா ஒருத்தரும் எடுக்க மாட்டேங்காங்க."

பொன்செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. பத்திரிகையை விரித்தாள். முகம் மாறியது. கேமராவை எடுத்து அசல் படத்தைத் தேடி ஜெயசெல்வியிடம் நீட்டினாள். "நான் எடுத்தது இதுதான்க்கா." அதில் செவுள் ரத்தச் சிவப்பு. பிறகு நேசக்குமார் பக்கம் திரும்பினாள்.

"என்னலே செஞ்ச?"

அங்கேயே, மீன்கூடைகளுக்கு நடுவில் நின்று அவன் சொன்னான். கப்பல் பரிசோதனை, புள்ளிப் புத்தகம், அச்சகத்து அண்ணாச்சி, எல்லாவற்றையும்.

"கண்ணு தெரியலைன்னா கேட்டிருக்கலாம்லா?" என்றாள் ஜெயசெல்வி.

"கேக்க வெக்கமா இருந்துச்சுக்கா."

"உனக்கு வெக்கம். எனக்கு யாவாரம்லா போச்சு."

திரும்பும் வழியில் பொன்செல்வி அவனுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பஸ் ஸ்டாப்பில்தான் கேட்டாள்.

"அப்பம், எது நல்லாருக்குன்னு மூணு வருஷமா என்கிட்ட கேட்டதெல்லாம் இதுக்குத்தானா? நான் என்னமோ..." வந்த பஸ்ஸில் அவள் மட்டும் ஏறிக்கொண்டாள்.

அன்று மாலையே இணையதளத்தில் படத்தை மாற்றினான். நடந்த தவறு தன்னுடையது என்று தன் பெயர் போட்டு எழுதினான். மறுநாள் குடியிருப்புக்குப் போய்ச் செயலாளரைப் பார்த்து, அசல் படத்தைக் குழுவில் போடச் சொல்லிக் கெஞ்சினான். அவர் போட்டார். உடனே ஒருவர் பதில் எழுதினார்: 'இப்ப எடிட் பண்ணி சிவப்பாக்கிட்டாங்க.' அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. செயலாளர் போனை அவனிடம் காட்டிவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வாய்மொழித் தேர்வில், படத்தைக் கெடுத்தது பொன்செல்வி அல்ல, தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னான். சொல்லாவிட்டால் அவள் மதிப்பெண் போயிருக்கும். ஜெபசுதா மேடம், "முதல் வருஷமே என்கிட்ட சொல்லியிருந்தா வழி இருந்துச்சேப்பா" என்றார். அதைக் கேட்டதும்தான் அவனுக்கு அழுகை வந்தது.

செய்தி வீட்டுக்கும் போனது. "ஊர் பூராவும் சொல்லிட்டு வந்து நிக்கான் பாரு" என்று அப்பா கத்தினார். கிருபை அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "என் வழியா வந்தது அவனுக்கு. நீங்க மறைக்கச் சொன்னீங்க, நானும் வாய மூடிட்டு இருந்தேன். இப்பம் அவன் ஏச்சு வாங்குதான்." அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஈவாஞ்சலினுக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு இடம் அடுத்த மாதம் தட்டிப்போனது. காரணம் இதுதானா என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அப்பா மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

குடியிருப்பில் பழகிய சில வீடுகள் மறுபடி ஜெயசெல்வியைக் கூப்பிட்டன. பெரும்பாலானவை கூப்பிடவில்லை. அவள் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வியாபாரத்தை விட்டுவிட்டு, கிடைத்த விலைக்குக் கரையிலேயே வியாபாரிகளுக்குக் கொடுத்துவிட்டு வருகிறாள்.

பொன்செல்வி சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தாள். எப்போதாவது அவன் செய்தி அனுப்பினால் ஒரு வார்த்தையில் பதில் வரும். நேசக்குமார் வேலைக்குப் போன முதல் இடத்தில் கண் விஷயத்தைச் சொன்னான். வேண்டாம் என்றார்கள். இரண்டாவது இடம் திருநெல்வேலியில் பாடநூல் பக்கங்கள் வடிவமைக்கிற சின்ன அலுவலகம். அங்கேயும் சொன்னான். நிறம் பார்க்க வேறு ஆள் இருக்கிறார், எழுத்தைப் பார்த்துக்கொள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஊருக்கு வந்த ஒரு சனிக்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டில் ஜெயசெல்வியைப் பார்த்தான். ஒதுங்கிப் போய்விடத்தான் நினைத்தான். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"வேல கெடச்சிட்டா?"

"கெடச்சிட்டுக்கா. திருநவேலில."

"ம்" என்றாள். சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் வந்ததும் அவள் வெறும் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி ஏறினாள்.