டொரீனுக்குத் தேநீர் தராத வீடு

டொரீன் காலமான செய்தி எனக்கு ட்ராமில் வந்தது. லண்டனில் மிச்சம் என்னும் எங்கள் பகுதியிலிருந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது நகரின் மறுகோடியில் ரெய்னர்ஸ் லேனுக்குக் குடிபோய்விட்ட சிவம் அண்ணை அழைத்தார். "பிள்ளை, டொரீன் மோசம் போயிட்டா" என்றார். உடனே அழைப்பைத் துண்டித்துவிட்டார். எப்போதும் நீட்டிப் பேசுகிறவர்.

எங்கள் பகுதியின் பழைய ஆட்களுக்கு டொரீனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பிறகு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ் சாரதியின் மகள். பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறியவர். கூட வேலை செய்த பெண்களுக்காக முதலாளிமாரோடு வாதாடிப் பழகி, அந்த வாயோடு உள்ளூராட்சிக் கவுன்சிலுக்குப் போனவர். பாராளுமன்றத்துக்கும் ஒருமுறை நின்று தோற்றார். "நல்லதாய்ப் போயிற்று, அங்கே சப்பாத்தைக் கழற்ற விடமாட்டார்கள்" என்று சிரித்தார். எங்கள் தமிழ் வீடுகளுக்கு வரத் தொடங்கிய பிறகு அவர் நாடா கட்டும் சப்பாத்தையே வாங்குவதில்லை.

முதியவர்கள் பகலில் கூடியிருக்கும் டே சென்டரை மூடிவிடக் கவுன்சில் தீர்மானித்தபோதுதான் அவரை நான் நெருங்கி அறிந்தேன். அம்மா போனபின் என் அப்பாவுக்கு வெளியுலகம் என்றிருந்தது அந்த நிலையம் மட்டுமே. அங்கே போய்ச் சீட்டு விளையாடி, இரண்டு பேரோடு சண்டை பிடித்துவிட்டு வந்தால்தான் இரவு சாப்பிடுவார். மூட வேண்டும் என்றது டொரீனின் சொந்தக் கட்சி. அவர் எதிர்த்து வாக்களித்தார். கட்சி அவரைக் கழற்றிவிட்டது. அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நின்றார். இறுதி வாக்கெடுப்பு தேர்தலுக்குப் பிறகுதான்; ஒரு வாக்கில் தொங்கிய அந்தச் சபையில் அவர் தோற்றால் நிலையத்துக்குப் பூட்டு என்பது எல்லாருக்கும் தெரியும். தமிழ் வீடுகளில் மொழிபெயர்க்க நான் கூடப் போனேன்.

போன வீடெல்லாம் தேநீர், கட்லட், கேக். "ஓம் ஓம், வோட் உங்களுக்குத்தான்" என்று எல்லாரும் சொன்னார்கள். டொரீனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எனக்கு எரிச்சல் வந்தது. தெருவில் வைத்துச் சொன்னேன்: "இந்தத் தேநீரை நம்பாதீர்கள். நேற்று வந்த மற்றக் கட்சிக்காரருக்கும் இதே கட்லட்தான் கொடுத்திருப்பார்கள். வாசல் தேடி வந்தவரிடம் இல்லை என்று சொல்ல எங்களுக்கு வராது."

"அப்படியென்றால் எனக்கு உண்மையாக யார் வோட் போடுவார்கள்?"

"உங்களோடு சண்டை பிடிக்கிறவர்கள்" என்றேன். கால் வலியில் சொன்ன சொல். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வீட்டிலிருந்து வோட்டைப் பற்றிய பேச்சே இல்லை. கதிரையில் இருந்ததும், "என்மேல் உங்களுக்கு என்ன கோபம்?" என்று கேட்டார். எங்கள் சனம் திகைத்துப்போனது. ஒன்றுமில்லை என்று சொல்லி இன்னொரு துண்டு கேக் வைத்தார்கள்.

சிவம் அண்ணை அப்போது பாரிசிலிருந்து வந்து மிச்சத்தில் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்தார். ஆங்கிலம் மட்டுமட்டு. அவர் வீட்டில் டொரீனின் கேள்வியை நான் தமிழில் சொன்னதும் கதிரையை முன்னுக்கு இழுத்தார். பிறகு தொடங்கினார். "கடை வாசல் றோட்டிலை வாகனம் நிப்பாட்டக் கூடாதெண்டு மஞ்சள் கோடு போட்டு என்ரை வியாபாரத்தைக் கெடுத்துப்போட்டியள். சாமான் இறக்க ஏலாமல் நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். போன வருசமும் சொன்னனான். வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனியள்." இன்னும் நிறையச் சொன்னார். நான் அதை, "வாகனம் நிறுத்தக் கொஞ்சம் சிரமமாம்" என்று முடித்தேன்.

டொரீன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவர் அவ்வளவு நேரம் பேசினார், நீ ஒரு வரி சொல்கிறாய். மீதியையும் தா."

தந்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தக் கோட்டைப் போடச் சொன்னதே நான்தான். பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் வளைவு அது. அழிக்க மாட்டேன். ஆனால் போன வருடமே இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும்."

அண்ணையின் மனைவி கேத்திலைப் போட்டிருந்தார். "தேத்தண்ணி வேண்டாம், விடும்" என்றார் அண்ணை. வெளியே வந்தோம். இந்த வீட்டை மறந்துவிடலாம் என்றேன். டொரீன் சப்பாத்தை மாட்டிக்கொண்டே, "இன்றைக்கு ஒரு வீடு கிடைத்தது" என்றார். அவருக்கு விசர் என்றுதான் நினைத்தேன்.

வாக்களிப்பு நாளன்று சிவம் அண்ணை கடையைப் பூட்டிவிட்டு, நடக்க ஏலாத கிழவர்களைத் தன் கடை வான் வண்டியில் ஏற்றி இறக்கினார். என் அப்பாவும் அதில் இருந்தார். "கோபம் தீர்ந்துதோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஆர் சொன்னது? கோபம் அப்பிடியே இருக்குது. அவ கவுன்சிலிலை இருந்தாத்தானே போய்க் கேக்கலாம்."

டொரீன் மயிரிழையில் வென்றார். அவருடைய ஒரு வாக்கால் நிலையம் தப்பியது. அப்பா கடைசி வரைக்கும் அங்கே போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்தார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் டொரீனைப் பார்த்தேன். பாதியாகிப் போயிருந்தார். குடுவையில் தேநீர் கொண்டுபோயிருந்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, "வசந்தி, என்மேல் என்ன கோபம்?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை" என்றேன்.

"அப்படியென்றால் உன் வோட் எனக்கில்லை."

எனக்கு அழுகை வந்தது. "நோய் வந்ததை ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை? இவ்வளவு காலமும் உங்களோடு தெருத்தெருவாக நடந்தவள் நான். ஊரில் யாரோ சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்?" என்று குரல் உயர்த்திக் கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். டொரீன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். என் கையை இறுகப் பிடித்தார்.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் எல்லாருக்கும் தேநீரும் கேக்கும் கொடுத்தார்கள். சிவம் அண்ணையும் நானும் தொடவில்லை. என் கேள்விக்கு டொரீன் இன்னும் பதில் சொல்லவில்லை. இனிக் கேட்க ஆளுமில்லை. அந்தக் கோபம் ஆறாமல் இருக்கிறது. அவர் நினைவாக நான் வைத்திருப்பது அதைத்தான்.