சிவப்புச் சீட்டு கட்டிய மைக்

என் மேசையில் நேற்றிலிருந்து ஒரு மைக் கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. ஓரங்களில் பச்சைச் சாயம் உதிர்ந்து உள்ளேயிருக்கும் தகரம் தெரிகிறது. அதன் கழுத்தில் நைலான் கயிற்றால் ஒரு சிவப்புச் சீட்டு கட்டியிருக்கிறது. 'பயன்படுத்தக் கூடாது' என்ற அச்செழுத்து, அதற்குக் கீழே என் கையெழுத்து. கிரேன் அண்ணனின் மனைவி நேற்று லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வைத்து இதை என்னிடம் கொடுத்தார். சீட்டைக் கழற்றி ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தரச் சொன்னார். கத்தரிக்கோலை எடுத்தால் அரை நிமிட வேலை. ஆனால் எங்கள் யார்டில் ஒரு வழக்கம் இருந்தது. சிவப்புச் சீட்டைக் கட்டியவர்தான் கழற்ற வேண்டும். என்ன காரணத்துக்காகக் கழற்றுகிறேன் என்று அதிலேயே ஒரு வரி எழுதிக் கையொப்பமும் போட வேண்டும். அந்த ஒரு வரிதான் நேற்றிலிருந்து எனக்கு எழுத வரவில்லை.

சிங்கப்பூரின் செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டு அது. நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. ஆண்களே நிறைந்த இடத்தில் ஒரு பெண் போய் இதைச் செய்யாதே, அதைத் தொடாதே என்று சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? 'மேடம் பொறக்கும்போதே ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தான் பொறந்தாங்க' என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். எனக்கும் தெரியும். கிரேன் அண்ணன் அங்கே கப்பல்துறையின் பெரிய கிரேனை ஓட்டினார். தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள் முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் அவர் கிரேன் அண்ணன்தான். பாதி நேரம் காத்திருப்பதுதான் கிரேன்காரரின் வேலை. பத்து மாடி உயரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து, கீழேயிருந்து குரல் வரும் வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் சட்டைப்பையில் பத்துத் துளை மவுத் ஆர்கன் ஒன்று எப்போதும் இருக்கும்.

அவர் வாசித்தது சினிமாப் பாட்டு இல்லை, புளூஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. பழைய சாமான் சந்தையில் வாங்கிய கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு, தானாகவே பழகிக்கொண்டவர். இதில் ஊதுவதைவிட மூச்சை உள்ளே இழுப்பதுதான் அதிகம். இழுக்கிற இழுப்பில் சுரம் வளைந்து கெஞ்சும். காத்திருக்கும் நேரங்களில் வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்திக்கொண்டு அவர் வாசிப்பார். கீழே வெயிலில் நிற்கிறவர்களின் இடுப்பிலெல்லாம் அது கரகரவென்று கேட்கும். தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ அழுதுகொண்டே சிரிப்பதைப்போல இருக்கும். வந்த புதிதில் ஒருநாள் நானும் நடந்துகொண்டிருந்தவள் நின்று கேட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஏனென்றால் அடுத்த மாதமே அதை நிறுத்தியவள் நான். அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, அதே அலைவரிசையில் இன்னொரு கிரேனுக்குக் கீழேயிருந்து வழிகாட்டிய சிக்னல்மேன் 'நிறுத்து, நிறுத்து' என்று கத்தியது யாருக்கும் போய்ச்சேரவில்லை. தூக்கிய இரும்புத் தகடு ஆடிப்போய்ச் சாரத்தில் இடித்தது. நல்லவேளை, சாரத்தில் ஆள் இல்லை. நான் எச்சரிக்கைக் கடிதம் எழுதினேன். அண்ணன் என் அறைக்கு வந்து முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "நீங்க எழுதுனது சரிதான் மேடம். நானா இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்றைக்குப் பிறகு யார்டில் அவர் ஒருமுறைகூட வாசிக்கவில்லை. நான் செய்தது சரி. இன்றைக்கும் அதையேதான் செய்வேன். ஆனாலும் மத்தியான வேளைகளில் அந்த மௌனம் என்னை உறுத்திக்கொண்டேயிருந்தது.

வருடங்கள் ஓடின. அவர் ஓய்வுபெறும் வருடம், ஆண்டு விருந்தில் அண்ணன் வாசித்தே ஆகவேண்டும் என்று தம்பிகள் பிடிவாதமாக நின்றார்கள். அவர் மழுப்பிக்கொண்டேயிருந்தார். பிறகு ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றார். விருந்து மண்டபத்து மைக்கில் வாசித்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாசிப்பதுபோல இருக்கிறதாம். தனக்கென்று ஒரு மைக் வாங்க வேண்டும், விலை ஐம்பது சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டக் கூடாது, கூட வர முடியுமா என்று கேட்டார். யார்டுக்குப் புது ஒலிபெருக்கிகளை வாங்கியது நான்தான், அதனால் எனக்கு மைக் பற்றித் தெரியும் என்பது அவர் எண்ணம். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான். ஆனாலும் உடனே சரி என்றேன். விட்டுப்போன எதையோ சரிசெய்ய ஒரு வாய்ப்பு என்று பட்டது.

இரண்டு சனிக்கிழமைகள் ஜாலான் புசார் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினோம். மவுத் ஆர்கனுக்கென்றே செய்த மைக்கின் விலையைக் கேட்டு, "இதுக்கு நான் இன்னும் ரெண்டு வருஷம் கிரேன் ஓட்டணும்" என்று சிரித்தார். பாடகர்கள் பிடிக்கும் உருண்டைத் தலை மைக் அவர் கைக்குப் பெரியதாக இருந்தது. மவுத் ஆர்கனையும் மைக்கையும் சேர்த்து இரண்டு கைகளாலும் காற்றுப் புகாமல் பொத்திப் பிடிக்க வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது என்று காட்டினார். கரோக்கே மைக் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஆனால் விரல் படும் இடத்திலேயே அதன் சுவிட்ச். ஒவ்வொரு இழுப்புக்கும் அணைந்து அணைந்து எரிந்தது. இன்னொரு மைக்கைப் பொத்தியதும் ஸ்பீக்கர் வீலென்று அலறியது. கடைக்காரச் சீனர் ஓடிவந்து, மைக்கைப் போய் யாராவது மூடுவார்களா, மூடினால் சத்தம் எப்படித் தெளிவாக வரும் என்று திட்டினார். நானும் கடைக்காரர் பக்கம்தான். தெளிவான ஒன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, இதை வாங்குங்கள் அண்ணே என்று நீட்டினேன். அண்ணன் வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. சிராங்கூன் சாலை முனையில் தே தாரிக் என்கிற ஆற்றிய தேநீர் குடிக்கும்போது, என்னதான் வேண்டும் உங்களுக்கு என்று கேட்டேவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த வாக்கி-டாக்கி சத்தம்தான் வேணும் மேடம். பசங்க கேட்டது அதைத்தானே. இவ்வளவு சுத்தமா வாசிச்சா, இது யாருன்னு அவங்களுக்குத் தெரியாது லா."

அவரை எங்களுக்கெல்லாம் அந்தக் கரகரப்பாகத்தான் தெரியும். அதை வாயை மூடச் சொன்னவள், இரண்டு வாரமாகத் தெளிவான மைக்கைத் தேடி அவரையும் இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். அப்போதுதான் யார்டின் சாமான் அறை நினைவுக்கு வந்தது. கப்பல்துறை அறிவிப்புக்கென்று இருந்த பழைய கை மைக்கை நான் தள்ளுபடி செய்து, சிவப்புச் சீட்டுக் கட்டி வைத்திருந்தேன். அதில் பேசினால் குரல் தடித்து மூக்கடைத்துக் கேட்கும். 'இறக்கு' என்றாலும் 'இழு' என்றாலும் ஒன்றுபோலவே இருக்கும். பாதுகாப்புக்கு அது ஆபத்து.

திங்கட்கிழமை முறைப்படி படிவம் நிரப்பி, கழிவுப் பொருள் என்று எழுதி, அதை அவர் பெயருக்கு எடுத்துக் கொடுத்தேன். எலக்ட்ரீஷியன் ஒருவர் வேறு முனை வைத்துப் பற்றவைத்தார். அண்ணனின் மகன் வைத்திருந்த சின்ன கிட்டார் ஆம்ப்ளிபயரில் சொருகினோம். சாமான் அறையில், பெயிண்ட் டின்களுக்கு நடுவே, அண்ணன் கண்ணை மூடி, இரண்டு கைகளாலும் பொத்தி, ஓர் இழுப்பு இழுத்தார். அதே சத்தம். கதவுக்கு வெளியே யாரோ ஓடிவரும் பூட்ஸ் சத்தம் கேட்டது.

விருந்தன்று அவர் வாசித்த முதல் இழுப்பிலேயே மண்டபம் அடங்கிவிட்டது. வாசித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு சிக்னல்மேன் எழுந்து, கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை மேல்நோக்கிச் சுழற்றினார். 'மேலே தூக்கு' என்று கிரேனுக்குக் காட்டும் சைகை. பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். மண்டபம் முழுக்க விரல்கள் சுழன்றன. அண்ணன் சிரித்துக்கொண்டே இன்னொரு பாட்டைத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு அவர் வார இறுதிகளில் காத்தோங்கில் ஒரு காப்பிக்கடையில் வாசிப்பதாகக் கேள்விப்பட்டேன். போக வேண்டும், போக வேண்டும் என்று நினைத்தே எட்டு வருடம் போய்விட்டது. போன மாதம் அவர் இறந்ததற்குத்தான் போனேன்.

நேற்று அண்ணி பையிலிருந்து மைக்கை எடுத்து வைத்தபோது சீட்டைப் பார்த்துத் திடுக்கிட்டேன். அதைக் கழற்றிக் கொடுக்க அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணி சொன்னார்:

"வாசிக்கும்போது அது பாட்டுக்குத் தொங்கிக்கிட்டு ஆடும். அறுத்து எறிங்களேன்னு எத்தனையோ தடவை சொன்னேன். கட்டுனவங்கதான் அவுக்கணும், மேடம் ஒருநாள் என் வாசிப்பைக் கேக்க வருவாங்க, அப்ப அவுத்துக்கலாம்னுவாரு. அவரு படத்துக்குக் கீழ வைக்கணும். நீங்களே அவுத்துக் குடுங்க."

காலையில் ஒவ்வொரு கூட்டத்திலும் நான் தொண்டை கிழியச் சொன்ன விதி அது. எவ்வளவோ பேர் மீறினார்கள். அவர் எட்டு வருடம் காத்திருந்தார். நான் போகவில்லை.

இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைத் திருப்பிப் பார்க்கிறேன். 'காரணம்' என்ற இடத்தில், என் பழைய நேர்க்கோட்டுக் கையெழுத்தில், 'ஒலி தெளிவில்லை' என்று இருக்கிறது. 'கழற்றக் காரணம்' என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. பேனாவை எடுத்து, 'ஒலி சரியாகவே இருந்தது' என்று எழுதினேன். தேதி போட்டேன், கையொப்பமிட்டேன். பிறகு கத்தரிக்கோலைத் தொடாமல், முடிச்சைக் கையாலேயே அவிழ்த்தேன்.