செத்த வீட்டுக்கு ரசீது எழுதாதவர்

"றெஜினா அக்கா மோசம் போயிற்றா அண்ணன்" என்று நமது இளைஞர் தொண்டர் மன்றத்தின் இப்போதைய செயலாளர் தொலைபேசியில் மரணச் செய்தி சொன்னபோது, நான் ஓட்டமாவடியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வந்த பஸ்ஸில் ஏறவில்லை. அங்கேயே நின்று அழுதேன்.

யுத்த காலத்தில் கல்லடியில் மன்றத்தை நடத்திய நம் எல்லோருக்கும் அவர்தான் பொருளாளர். மன்றத்தின் சொத்து பந்தலில் போடும் பிளாஸ்டிக் கதிரைகளும் சில சமையல் கிடாரங்களும்தான். அவற்றைக் கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விட்டு, அந்தக் காசில் அகதி முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினோம். செத்த வீட்டுக்கு இலவசம் என்பது நாமே போட்ட விதி. செத்த வீடுகள் பெருகும், கலியாணங்கள் தள்ளிப்போகும் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. கதிரைகள் ஓயாமல் ஊர் சுற்றின. காசு மட்டும் வரவில்லை. எழுதும் கொப்பிக்கும் விளக்கு மண்ணெண்ணெய்க்கும் வழியின்றி வகுப்பு நிற்கப் பார்த்தது.

கூட்டத்தில் தலைவர், செத்த வீட்டுக்கும் அரைவாடகை எடுக்கலாம் என்றார்.

"ஓம் மனே, எடுப்பம். பிரேதம் கிடக்கிற வீட்டுக்க போய் ரசீது எழுதுறது ஆரு? நீயா, நானா?" என்றார் அக்கா.

தலைவர் அதன்பின் தேநீரை மட்டும் கவனித்தார்.

"அப்ப வகுப்ப நிப்பாட்டுறதா அக்கா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு நிப்பாட்டுற? சந்தோசமா இரிக்கிற ஆக்களிட்டக் கேப்பம்."

அடுத்த கலியாணம் பெரியகல்லாற்றில். பெண்ணின் தகப்பனிடம் அக்கா நேராகவே சொன்னார்: "ஐயா, வாடகையக் கூட்டியிரிக்கம். செத்த வீட்டுக்கும் சேர்த்துத்தான் உங்களிட்ட எடுக்கிறம்."

மங்கல வீட்டில் வாயிலெடுக்கக் கூடாத சொல். கூடப்போன நான் ஓடுவதற்கு வசதியாகச் செருப்பைத் தேடினேன்.

"என்ர தம்பிர செத்த வீட்டுக்கு வந்ததும் இந்தக் கதிரைதானே பிள்ள" என்றார் அந்த மனிதர். உள்ளே போய், கேட்டதற்கு மேலாகவே கொண்டுவந்து தந்தார்.

அன்றிலிருந்து அதுவே வாடகை. அபசகுனம் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. "நாங்க கேக்க வெக்கப்பட்டா பிள்ளையள்தான் இருட்டுல இரிக்கும்" என்பார் அக்கா. யுத்தம் முடியும்வரை வகுப்பு நிற்கவில்லை. அங்கே எழுத்துக் கூட்டியவர்களில் சிலர் இன்று ஆசிரியர்கள். இதை வாசிக்கவும் கூடும்.

இப்போதும் மன்றக் கூட்டங்களில், காசு இல்லை, எதை நிறுத்தலாம் என்று பேச்சு எழும். அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு கேள்வி. தயங்காமல் அதைக் கேட்கிறேன்: "இந்த மாதம் ஆருட வீட்டுல நல்ல காரியம்?"