கடைசி லிச்சிக் குப்பி

கூடத்திலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சமையலறையில் தேநீர்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்த பாவ்குன்னின் கை அப்படியே நின்றுவிட்டது. லைட்டர் சத்தம். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது.

மாப்பிள்ளையாக வரப்போகிறவனின் தகப்பனார் தாங், சீனாவின் ஹுனான் மாகாணத்திலிருந்து ரயிலேறி ஷென்சென் நகருக்கு வந்து, கூடத்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். சாத்திய படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் பாவ்குன்னின் மனைவி சூலான் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். அவளுடைய ஆக்சிஜன் மெஷினின் முனகல் சமையலறை வரை கேட்டது.

மகள் ஹுயிமின் வேலைக்குப் போகும் வழியில் போன் செய்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

“அப்பா, அவங்கப்பா சிகரெட் நீட்டினா வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவரோட மூத்த பையனுக்குப் பார்த்த இடம் அதுலதான் முறிஞ்சுது. அம்மாவுக்கு வெறும் சளின்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். நுரையீரல்ல கோளாறுன்னு தெரிஞ்சா பரம்பரை வியாதின்னு பயந்துடுவாங்க.”

பரம்பரை வியாதி! சூலான் தன் வாழ்நாளில் சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. பாவ்குன் ஊதியதைத்தான் அவள் சுவாசித்தாள். லாரி ஓட்டிவிட்டு வந்து, கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திய ஒற்றை அறையில், குழந்தை அந்தப் பக்கமும் மனைவி இந்தப் பக்கமும் படுத்திருக்க, அவர் பாட்டுக்கு ஊதினார். “ஏ கிழவா, விட்டுத் தொலையேன்” என்று அவள் கெஞ்சினால், “சிகரெட் நீட்டத் தெரியாதவன நாலு ஆம்பளைங்க மதிப்பாங்களா?” என்பார்.

டாக்டர் அவளுடைய எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்துக் காட்டிய அன்று அவர் அழுதார். அதற்குப் பிறகும் மாடிப்படியில் நின்று திருட்டுத்தனமாக ஊதினார். கடைசியில் ஹுயிமின்தான் வேப் என்ற மின்சிகரெட் விற்கும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒவ்வொரு ருசிக் குப்பியாக மாட்டி இழுத்துப் பார்த்தார். புகையிலை ருசி நனைந்த அட்டையைக் கொளுத்தியது போல் இருந்தது. புதினா பற்பசை. பச்சைப்பயறு, ஆறிப்போன கஞ்சி. உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தவருக்குக் கடைக்காரப் பெண் லிச்சிக் குப்பியை மாட்டிக் கொடுத்தாள். ஒரே இழுப்பு. ஜூன் மாதத்து வெயிலில் தோலுரித்த பழம் நாக்கில் உடைந்த மாதிரி இருந்தது. அன்றே பாக்கெட்டில் இருந்த சிகரெட்டைக் குப்பையில் எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். “சூலான், இனிமே நம்ம வீட்டுக்குள்ள நெருப்புப் பிடிச்ச எதுவும் எரியாது. இது சத்தியம்!” வேப்பைக்கூடப் பால்கனியில் நின்றுதான் இழுத்தார். அவள் தலையாட்டினாள். மன்னித்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பிறகு பழ ருசிகளை விற்கக் கூடாதென்று சட்டம் வந்தது. பிஸ்கட் டப்பாவில் பதுக்கியதெல்லாம் தீர்ந்து, இப்போது சட்டைப்பையில் இருப்பதுதான் கடைசிக் குப்பி.

தேநீரோடு அவர் கூடத்துக்கு வந்ததும், தாங் சிகரெட்டை இரு கையாலும் நீட்டினார். பாவ்குன்னும் இரு கையாலும் வாங்கி, மெல்லக் காதில் செருகிக்கொண்டார்.

“என்ன சம்பந்தி, காதுக்கா குடுத்தேன்?”

“தேநீர் குடிச்சிட்டு… நான் இப்போ இதுக்கு மாறிட்டேன்.” வேப்பை எடுத்துக் காட்டினார்.

தாங் அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “மிட்டாய் வாசமால்ல வருது! பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க சப்புற சாமான். லாரி ஓட்டின கை இதையா பிடிக்குது?” சிரிப்பு சட்டென்று நின்றது. லைட்டரைப் பற்றவைத்து, சுடரைக் கையால் பொத்தி நீட்டினார். “எடுங்க. ரெண்டு குடும்பம் ஒண்ணாகுற நாளு.”

பாவ்குன் அசையவில்லை. என் மனைவிக்கு மூச்சு விட முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் மகளின் வாழ்க்கை போய்விடும். சுடர் ஆடியது. தாங்கின் முகம் கறுத்தது.

“என் நெருப்ப வாங்க மனசு வரல. பொண்ணை மட்டும் எப்படிக் குடுப்பீங்க?” அவர் லைட்டரை மேஜையில் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அப்போது மெஷினின் முனகல் நின்றது.

படுக்கையறைக் கதவு திறந்தது. சூலான் சிவப்பு ஸ்வெட்டர் போட்டு, தலை வாரி நின்றாள். நீலம் பாய்ந்த உதட்டின்மேல் மகளின் உதட்டுச்சாயம். மூக்கில் குழாய் இல்லை. அவள் கதவை இழுத்துச் சாத்தினாள்.

“உக்காருங்க சம்பந்தி. இந்தக் கிழவனுக்கு மரியாதை தெரியாது. சளி பிடிச்சு படுத்திருந்தேன், மன்னிச்சுக்குங்க.”

மேஜையிலிருந்த லைட்டரை எடுத்தாள். கணவனின் காதிலிருந்த சிகரெட்டை உருவி அவர் வாயில் வைத்தாள். கல்யாணத்தன்று மணப்பெண் விருந்தாளிகளுக்குப் பற்றவைப்பது போல, முதலில் சம்பந்திக்கு, அப்புறம் அவருக்கு. வழக்கப்படி தாங் அவள் புறங்கையை விரல் நுனியால் தட்டி நன்றி சொன்னார். பாவ்குன்னும் தட்டினார். அந்தக் கை பனிக்கட்டியாக இருந்தது.

“இவரு எப்போ மிட்டாய்க்கு மாறினாரு அண்ணி?” தாங்குக்குக் குஷி வந்துவிட்டது.

“அதை ஏன் கேக்குறீங்க! முப்பது வருஷம் நான் கெஞ்சினேன், விடல. டாக்டர் திட்டினாரு, விடல.” நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டாள். “கடைக்காரப் பொண்ணு லிச்சி ருசி காட்டினா. ஒரே நாள்ல விட்டுட்டாரு. பொண்டாட்டிய விட நாக்குதான சம்பந்தி பெருசு?”

தாங் தொடையைத் தட்டிச் சிரித்தார். பாவ்குன்னும் சிரித்தாக வேண்டியிருந்தது. புகை உள்ளே போனது. எத்தனையோ நாள் கனவில் தேடிய அந்த ருசி இப்போது வெறும் சாம்பலாகக் கசந்தது. துப்ப முடியவில்லை. கடைசி இழுப்பு வரை இழுத்தார். சூலான் அந்தப் புகைக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்து, இலையுதிர் காலத்தில் கல்யாணம், மாப்பிள்ளை ஊரில் விருந்து என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரு தடவைகூட இருமவில்லை. மடியில் கோத்த அவள் விரல்களின் நகங்கள் நீலமாகிக்கொண்டே போவதை அவர் மட்டும் பார்த்தார்.

தாங் விடைபெறும்போது பிரிக்காத பாக்கெட் ஒன்றைப் பாவ்குன்னின் சட்டைப்பையில், லிச்சிக் குப்பியின்மேலேயே திணித்தார்.

“அண்ணி, உங்க மாதிரி பொம்பளை வளர்த்த பொண்ணு எங்க வீட்டுக்கு வர்றது எங்க அதிர்ஷ்டம்!”

“பார்த்துப் போங்க சம்பந்தி. மெதுவா இறங்குங்க.”

செருப்புச் சத்தம் படியிறங்கி, கீழே தெருச் சத்தத்தில் கலக்கும் வரை சூலான் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாகவே நின்றாள். பாவ்குன் அவள் தோளைத் தாங்கக் கை நீட்டினார். அவள் அந்தக் கையை விலக்கிவிட்டு, வாசற்கதவைத் தானே சாத்தினாள்.