மண்ணிலிருந்து வந்த மஞ்சள் களிம்பு

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், என் பத்து விரல்களில் ஏழு கெட்டுப்போயின. நகத்தைச் சுற்றிச் சதை வீங்கி, அழுத்தினால் வெள்ளையாக வடியும். மலையடிவாரத்து அடி அண்ணாமலை கிராமத்தில் பூந்தோட்டம் வைத்திருந்த வீட்டுக்கு நான் மருமகள். வாழை நாரை நனைத்து நனைத்துப் பூக் கட்டுவதுதான் என் வேலை. நாள் முழுக்கக் கை ஈரத்திலேயே கிடக்கும்.

புண் கையால் சாமிப் பூவைத் தொடக்கூடாது என்று மாமியார் என்னைப் பூக்கூடைப் பக்கமே விடவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். பூக் கட்டுவது ஒன்றில்தான் அந்த வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. அதுவும் போயிற்று. முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டு திரிந்தேன்.

மாமியார் தினமும் புற்று மண்ணைக் குழைத்துப் பூசிப் பார்த்தார். அடங்கவில்லை. கடைசியில் டவுனில் இருந்த டாக்டரம்மாவிடம் அவரே அழைத்துப் போனார்.

"ஊறுகாய் மேல பூத்துக்குதே, அந்த ஜாதிப் பூஞ்சைம்மா இது. ஈரத்துல ஜாஸ்தியாவும். கையில தண்ணி படக்கூடாது" என்று ஒரு மஞ்சள் களிம்பைக் கொடுத்தார் டாக்டரம்மா.

"இது எதுல செய்யறாங்க?" என்றார் மாமியார்.

"மண்ணுல ஒரு கிருமி இருக்குது. பக்கத்துல பூஞ்சை வளர விடாம என்னமோ சுரக்கும். அதை மட்டும் பிரிச்சு எடுத்திருக்காங்க. வெளிநாட்டுல ஏதோ மாட்டுப்பண்ணை மண்ணாம். கண்டுபிடிச்சவங்க ரெண்டு பேரும் பொம்பளைங்க."

திரும்பும் வழியெல்லாம் மாமியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தியா? நான் பூசினதும் மண்ணுதானே! மாட்டுப்பண்ணை மண்ணே இம்மாம் வேலை செஞ்சா, நம்ம மலையடி மண்ணு சும்மாவா?"

அன்றிலிருந்து களிம்பு போட்டு, அதன் மேல் புற்று மண்ணும் பூசினார். நான் வாயைத் திறக்கவில்லை. பாத்திரம், துணி என்று தண்ணீர் வேலையும் என் தலையில்தான் இருந்தது. பத்து நாளில் வீக்கம் முன்னைவிட அதிகம். கார்த்திகை தீபத்துக்கு மூன்று மாதம்தான் இருந்தது. தீபத்தன்று எங்கள் வீட்டு மாலை கோயிலுக்குப் போகும். இந்த வருஷம் அதை மூத்த மருமகளான என் ஓரகத்தி கட்டட்டும் என்று பேச்சு எழுந்துவிட்டது.

மறுநாள் மாமியார் மண் கிண்ணத்தோடு வந்தபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"வேணாம் அத்தே."

"என்னாடி வேணாம்?"

"அதை மட்டும் பிரிச்சு எடுத்தாங்கன்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க? மண்ணுல கெட்ட கிருமியும் இருக்கும். அரிசியில கல்லைப் பொறுக்கிட்டு, மறுபடியும் அள்ளிப் போடுவாங்களா?"

ஓரகத்தி சிரித்துவிட்டாள். "அத்தே, இதுக்கு வாய் இருக்குது பாருங்க!"

மாமியார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்ப தண்ணி வேலைய யாருடி செய்யறது?"

"மூணு மாசம் நீங்க ரெண்டு பேரும் செய்யுங்க."

நானா சொன்னேன்? இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் செய்தார்கள்.

வீக்கம் வடிந்தது. அடியிலிருந்து புது நகம் வழவழவென்று ஏறி வந்தது. தீபத்துக்கு முதல் நாள், மாமியார் என் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, பூக்கூடையை என் பக்கம் தள்ளினார். ஓரகத்தி நாரை நனைத்து, உதறி உதறிக் கொடுத்தாள். ஆள் உயர மாலையை நான் ஒருத்தியே கட்டி முடித்தேன்.

மறுநாள் சாயங்காலம் மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் கூட்டமே கையைத் தூக்கிக் கும்பிட்டது. நானும் முந்தானையை உதறிவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன்.